பழைய ஃபேஷன் விளம்பரப் படமெல்லாம் டச்சப் இல்லாத இயற்கை அழகா?

ஜூன் 4, இழையைத் தொடங்கிய வாசகர்

1940, 50களில் வந்த அமெரிக்க, பிரெஞ்சு ஃபேஷன் விளம்பரப் படங்களைச் சேர்த்து வருகிறேன். கையுறை, தொப்பி, ஒடிந்துவிடுமோ என்று பயம் வருகிற இடுப்பு. என்ன நளினம்! அன்றைக்கு ஃபோட்டோஷாப் கிடையாது, டச்சப் கிடையாது, இருந்ததை இருந்தபடி எடுத்தார்கள். பெண் பெண்ணாக இருந்த காலம். இன்றைக்கு வருவதெல்லாம் பொய். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டா?

ஜூன் 4, இரவு

உண்டு. டச்சப் கிடையாது என்று யார் சொன்னது?

எங்கள் சித்தப்பா கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அங்கே நெகட்டிவ் டச்சிங் என் வேலை. சாய்வான மரச்சட்டம், நடுவில் பால் கண்ணாடி, அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னல் வெளிச்சத்தை அது மேலே அடித்துக் கொடுக்கும். நெகட்டிவ் மேல் பஞ்சால் மீடியம் தொட்டுத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பென்சில் பிடிக்காது. பென்சில் முனையை உப்புத்தாளில் தீட்டித் தீட்டி, பட்டும் படாமலும் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவோம். கோடாக இழுத்துவிட்டால் பிரிண்டில் வெள்ளைக் கீறல் விழும், சித்தப்பாவின் வாயில் விழ வேண்டியிருக்கும்.

நெகட்டிவில் எங்கே பென்சில் ஏறுகிறதோ அங்கே பிரிண்ட் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், அம்மைத் தழும்பு, கழுத்து மடிப்பு எல்லாம் இப்படித்தான் காணாமல் போயின. எதிர்த் திசையில் வேலை செய்யக் கத்தி இருந்தது. எமல்ஷனை, அதாவது நெகட்டிவில் படம் பதிந்த பூச்சை, மெல்லச் சுரண்டினால் அந்த இடம் பிரிண்டில் கறுக்கும்.

இதெல்லாம் ஒரு சந்து ஸ்டுடியோவில். நியூயார்க், ஹாலிவுட்டில் 8க்கு 10 அங்குல நெகட்டிவ். பென்சில் வைக்கத் தாராளமாக இடம் உண்டு. ஜார்ஜ் ஹரல் எடுத்த நடிகை ஜோன் க்ராஃபோர்டின் படங்களைப் பாருங்கள். அந்த அம்மாவுக்கு நிஜத்தில் முகமெங்கும் பழுப்புப் புள்ளிகள். பிரிண்டில் ஒன்றாவது காட்டுங்கள் பார்க்கலாம்.

ஜூன் 5

"ஹாலிவுட் வேறு, ஃபேஷன் வேறு" என்கிறார் ஒருவர். சரி, ஃபேஷனுக்கே வருவோம்.

ஹார்ஸ்ட் என்ற போட்டோகிராபர் எடுத்த மேன்போஷர் கம்பெனி கார்செட் படம். கார்செட் என்றால் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண், பின்னால் அவிழ்ந்து தொங்கும் நாடா. இந்த இழையில் ஏற்கெனவே இரண்டு பேர் அதை ஒட்டிவிட்டார்கள். பாரிஸ், 1939 ஆகஸ்ட். போர் வாசலுக்கு வந்துவிட்டது. ஹார்ஸ்ட் இந்தப் படத்தை முடித்துவிட்டு விடியற்காலையில் ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பி, லெ ஹாவ்ர் துறைமுகத்துக்கு ரயில் பிடித்து, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். வோக் பத்திரிகை அதை செப்டம்பரில் வெளியிட்டது.

வெளியிடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தது. அசல் படத்தில் கார்செட்டின் இடப்பக்கம் உடம்பை விட்டு விலகி நிற்கும். உள்ளே இருட்டாக ஓர் இடைவெளி தெரியும். அது பத்திரிகைக்கு ஒவ்வவில்லை. டச்சப் பண்ணி உடம்போடு ஒட்டவைத்துத்தான் அச்சுக்கு அனுப்பினார்கள். நாம் இன்று சுவரில் மாட்டுவது ஹார்ஸ்ட் எடுத்த அசல். 1939 வாசகி பார்த்தது டச்சப் ஆனது. நீங்கள் "இருந்ததை இருந்தபடி" என்று சொல்லும் அழகை அன்றைக்கு ஒரு பத்திரிகை ஆபீஸ் தளர்ந்திருக்கிறது என்று ஒதுக்கியது, சார்.

ஜூன் 5, கொஞ்சம் கழித்து

இடுப்பை எப்படிச் சின்னதாக்குவது என்று கேட்டவருக்கு: பின்னணி கறுப்பாக இருந்தால் இடுப்பின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டுவோம், அந்தச் சதை பின்னணியோடு போய்விடும். பின்னணி வெள்ளையாக இருந்தால் ஓரத்தில் ஒபேக் என்ற வெளிச்சம் விடாத மையைப் பூசுவோம், அதுவும் போய்விடும். இரண்டுங்கெட்டான் சாம்பல் பின்னணிதான் கஷ்டம். அங்கேதான் கைத்திறன் தெரியும். அமெரிக்க விளம்பரக்காரர்கள் இதையெல்லாம் பெரும்பாலும் பிரிண்டின் மேலேயே ஏர்பிரஷ்ஷில், அதாவது காற்றால் மை தெளிக்கும் கருவியில், முடித்துவிடுவார்கள், அப்புறம்தான் அச்சுக்கு பிளாக் எடுக்கப் போகும்.

கலரிலும் இப்படித்தான். விளம்பரக் கம்பெனிகள் டை டிரான்ஸ்ஃபர் என்ற, சாயங்களைத் தாளில் ஏற்றிப் போடும் பிரிண்டை விரும்பியதற்கு நிறம் மட்டும் காரணமில்லை. அதன் மேல் சாயத்தை ஏற்றலாம், இறக்கலாம். உதட்டை மட்டும் சிவப்பாக்கலாம்.

இடுப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. உடையின் பின்பக்கம் துணியை இழுத்து கிளிப் போட்டுவிடுவது. முன்னால் பார்த்தால் தைத்து வார்த்தது போல இருக்கும், பின்னால் போனால் கொடியில் காயப் போட்ட துணி.

ஜூன் 7

இழை நான் நினைத்த பக்கம் போகவில்லை. இப்போது எதிர்க்கட்சி வந்துவிட்டது. "இதெல்லாம் ஆண்கள் ஆண்களுக்காக எடுத்த படம், பெண்ணைப் பொம்மையாக்கியது" என்று நீளமாக ஒரு பதிவு. பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

அந்தப் பத்திரிகைகளை வாங்கியது பெண்கள். ஹார்ப்பர்ஸ் பஜாரை நடத்தியது கார்மல் ஸ்னோ என்ற பெண். அங்கே 1936 முதல் 1958 வரை கலர் படத்தில் கொடிகட்டிப் பறந்தவர் லூயீஸ் டால்-வுல்ஃப். ஒரு நாள் புதிதாக வந்த ஆர்ட் டைரக்டர் அவருடைய கேமராவின் வியூஃபைண்டரில் எட்டிப் பார்த்துவிட்டாராம். அதோடு அந்த அம்மா வேலையை விட்டுவிட்டார். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். என் டச்சிங் மேஜையில் குனிந்து பார்த்தவர்களிடம் நான் காட்டிய முகத்தை நினைத்துக்கொள்வேன். வேலையை விட முடியவில்லை, அதுதான் வித்தியாசம்.

வோக்கில் டோனி ஃபிரிஸல் என்ற பெண். ஸ்டுடியோவைவிட்டு வெளியே வெயிலுக்கும் தண்ணீருக்கும் மாடல்களை அழைத்துப் போனவர். 1947இல் ஃபுளோரிடாவில் ஒரு ஊற்றுக்குள் நீளமான வெள்ளை உடையோடு மிதக்கும் பெண்ணை எடுத்திருக்கிறார், தேடிப் பாருங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது லிலியன் பாஸ்மன் பற்றி. 1917இல் பிறந்தவர். பஜாரின் ஆர்ட் டைரக்டர் பிரோடோவிச்சிடம் வேலை கற்று, ஜூனியர் பஜாருக்கு ஆர்ட் டைரக்டராக இருந்து, பிறகு தானே கேமராவைத் தூக்கினார். போட்டோகிராபர் ரிச்சர்ட் ஆவடன் பாரிஸுக்குப் போயிருந்தபோது தன் ஸ்டுடியோவை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பாஸ்மனுக்குச் சோறு போட்டதில் உள்ளாடை விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வார்னர்ஸ் கம்பெனி கார்செட், பிரா. அதுவரை அந்த விளம்பரங்களில் கார்செட் என்றால் கவசம் மாட்டிய அத்தைகள். பாஸ்மனின் படத்தில் ஒரு பெண் தன் அறையில் தனக்காக நிற்பாள். கழுத்து நீளும், முகம் திரும்பியிருக்கும், உடம்பில் பாதி வெளிச்சத்தில் கரைந்திருக்கும்.

அந்தக் கரைவு டார்க்ரூம் வேலை. பிரிண்ட் போடும்போது வெளிச்சத்துக்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய துணியோ டிஷ்யூவோ பிடிப்பார். அப்புறம் ப்ளீச், அதாவது ஃபெர்ரி சயனைடு, பஞ்சில் தொட்டு வேண்டாத இடத்தைக் கரைத்துவிடுவார். இதையேதான் நாங்களும் செய்தோம். எங்கள் ஊரில் அழுக்குப் பின்னணியை வெளுக்கவைக்க, அவர் ஊரில் ஒரு தோளை மூச்சுக்காற்றாக மாற்ற. கார்மல் ஸ்னோவுக்கே பொறுக்கவில்லை. கலை படைக்க வரவில்லை நீ, பொத்தானையும் ரிப்பனையும் காட்ட வந்திருக்கிறாய் என்று கண்டித்தாராம். விற்கிற பொருள் தெரிய வேண்டாமா!

ஜூன் 7, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை, மேலே எழுதியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெண் எடுத்தாள் என்பதால் மட்டும் படம் பெண்ணுக்கானது ஆகிவிடுமா? பாஸ்மன் படத்தில் தனக்காக நிற்கும் அந்தப் பெண்ணும் கடைசியில் கார்செட்தான் விற்கிறாள். "உங்கள் இடுப்பு போதாது" என்ற சேதி அதே. சொன்ன குரல் மட்டும் இதமானது.

ஜூன் 8

யானையைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்டவருக்கு. டொவிமாவும் யானைகளும்: டொவிமா என்ற மாடல் யானைகளுக்கு நடுவில் நிற்கும் படம். எடுத்தது ஆவடன், பாரிஸ் சர்க்கஸ் ஒன்றில், 1955 ஆகஸ்ட். உடை டியோர் கம்பெனி. வடிவமைத்தது அப்போது அங்கே உதவியாளராக இருந்த இளைஞர் ஈவ் சான் லோரான். ஆவடனுக்கு அதில் ஒரு குறை. இடுப்பில் கட்டிய வெள்ளைத் துணி இடப்பக்கம் பறந்திருந்தால் படம் முழுமையாகியிருக்கும், ஏன் அப்படிச் செய்யாமல் விட்டேன் என்று பல வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பார்க்கும்போதெல்லாம் கவனிப்பது வேறு. யானையின் காலில் சங்கிலி அப்படியே தெரிகிறது, யாரும் அழிக்கவில்லை. அந்தப் படத்தில் தோல் சுருக்கத்தோடு நிற்க அனுமதி யானைக்கு மட்டும்.

ஜூன் 11

ரெவ்லான் விளம்பரத்தின் ஸ்கேனைப் போட்டவருக்கு நன்றி. 1952, ஃபயர் அண்ட் ஐஸ். ஆவடன்தான் எடுத்தார், மாடல் டோரியன் லீ. வெள்ளி ஜிகினா உடை, சிவப்பு மேலங்கி, முகத்துக்கு முன்னால் விரிந்த கை, அதில் உதட்டோடு பொருந்தும் சிவப்பு நகம். லிப்ஸ்டிக்கும் நகப்பூச்சும் ஜோடியாக விற்பது ரெவ்லானின் வியாபார சூட்சுமம்.

படத்தையே எல்லோரும் பார்க்கிறார்கள், எதிர்ப்பக்கத்தைப் படியுங்கள். 15 கேள்விகள். எழுதியது கே டேலி என்ற பெண். செருப்பைக் கழற்றிவிட்டு ஆடியது உண்டா? புருஷனைக் கேட்காமல் தலைமுடிக்குப் பிளாட்டினம் சாயம் அடிப்பாயா? எட்டுக்கு ஆமாம் என்றால் நீ இந்தச் சிவப்புக்கு உரியவள். அடுக்களை மேஜையில் பென்சிலோடு உட்கார்ந்து ஒரு குடும்பத் தலைவி இதற்கு டிக் போடுவதை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஆண் யாரும் கிடையாது. அந்தப் பக்கத்தை எழுதியவளும் பெண், படித்தவளும் பெண். ஆனால் கம்பெனி சார்ல்ஸ் ரெவ்ஸனுடையது, காசு அங்கே போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று. டோரியன் லீ 1917இல் பிறந்தவர். அந்தப் படம் வந்தபோது 35 வயது. 1944இல் அவர் மாடலிங்குக்கு வந்தபோதே 27, அதை மறைத்து 19 என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். டச்சப் நெகட்டிவில் மட்டும் நடக்கவில்லை.

ஜூன் 12

முந்தாநாள் முழுக்க "மாடல்கள் அடிமைகள்" "இல்லை, ராணிகள்" என்று சண்டை நடந்திருக்கிறது. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இந்த விளம்பரங்களில் யார் முகம் தெரிகிறது, யார் முகம் தெரியவில்லை, அதை யார் முடிவு செய்தார் என்று பார்த்தால் இந்தச் சண்டையே வேறு மாதிரி ஆகிவிடும்.

1924இல் பாண்ட்ஸ் கிரீமுக்கு ஒரு விளம்பரம். ஆல்வா பெல்மான்ட் என்ற பெரும் பணக்கார அம்மா கிரீமைச் சிபாரிசு செய்கிறார். பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர், அதற்கான அமைப்புக்கு நன்கொடை என்று பேசித்தான் பெயரைக் கொடுத்தார். முகத்தைக் கொடுக்கவில்லை. விளம்பரத்தில் அவர் வீட்டு அறையின் படம்தான் இருந்தது. முகப்பூச்சு விளம்பரத்தில் முகம் இல்லை! அது பணக்கார வீட்டு அம்மாவின் உரிமை. அடுத்த வருஷம் ருமேனியா ராணி மேரி அதே கிரீமுக்கு வந்தார்.

பாஸ்மனின் உள்ளாடை மாடல்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டது இதற்கு நேர் எதிர்க் காரணத்தால். உள்ளாடையில் தன் முகம் அடையாளம் தெரிவதைப் பெரிய மாடல்கள் விரும்பாத காலம் அது. பெல்மான்ட் அம்மாவுக்குக் கௌரவம் முகத்தைத் தராமல் இருப்பது. இவர்களுக்குப் பிழைப்பு, முகத்தை மறைப்பதில் தப்புகிறது. விளைவு என்னவோ அந்தத் திரும்பிய கழுத்து. நாம் அதைப் பார்த்து "என்ன நளினம்" என்கிறோம்.

ஹார்ஸ்டின் கார்செட் பெண்ணுக்கும் முகம் இல்லை. அவர் பெயர் மேடம் பெர்னான் என்று மட்டும் பதிவாகியிருக்கிறது.

ஜூன் 12, இரவு

அப்போ மெய்டன்ஃபார்ம்? என்று கேட்டிருக்கிறார் எதிர்க்கட்சி அக்கா. நல்ல கேள்வி, ஏனென்றால் அது நான் சொன்னதற்கு ஒத்துவராது.

1949இல் தொடங்கி 20 வருஷம் ஓடிய தொடர். மெய்டன்ஃபார்ம் பிரா மட்டும் போட்டுக்கொண்டு கடைக்குப் போனதாகக் கனவு கண்டேன் என்பது முதல் விளம்பரம். அப்புறம் தேர்தலில் ஜெயித்ததாகக் கனவு, காளையோடு மோதியதாகக் கனவு. இடுப்புக்குக் கீழே முழு உடை, மேலே பிரா, முகம் பளிச்சென்று கேமராவை நேராகப் பார்க்கும். இங்கே யாரும் கழுத்தைத் திருப்பவில்லை. எப்படி முடிந்தது? கனவு என்று சொல்லிவிட்டார்களே. கனவில் செய்ததற்கு யார் பழி சொல்வார்கள்? வாசகம் எழுதிய பெண் கெட்டிக்காரி. கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஐடா ரோசந்தாலும் ஒருவர், தையல்காரியாக அமெரிக்கா வந்தவர்.

தேர்தலில் ஜெயிப்பதையே ஒரு பெண் பிராவோடு கனவு காண வேண்டியிருந்தது என்பது சிரிப்பா அழுகையா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்வோம்.

ஜூன் 15

கல்யாண போட்டோ பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், இது தலைப்பை விட்டு விலகல்தான்.

பெண் வீட்டார் வந்து சித்தப்பாவிடம் சொல்வது ஒரே வாக்கியம்: "கலரை மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க." வெளிச்சத்தை முகத்துக்கு நேர் மேலே வைப்பார், மூக்குக்குக் கீழே குட்டி நிழல் விழும். ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் நடிகைகளுக்கு வைத்த அதே வெளிச்சம். சித்தப்பா அதை எங்கிருந்து கற்றார் என்று கேட்டால், பழைய பத்திரிகையைக் காட்டுவார். மீதி என் பென்சிலில்.

உதட்டோரம் மச்சம் இருந்த பெண் ஒருத்தி. அம்மா அதை எடுத்துவிடச் சொன்னார். அம்மா முந்தானையில் முடிந்த காசை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என் பக்கம் வந்து, "அக்கா, இது இருக்கட்டும்" என்றாள். விட்டுவிட்டேன். ரெண்டு நாளில் அம்மா பிரிண்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். காசு கொடுப்பவர் அம்மா. எடுத்தேன். நெகட்டிவில் அந்த மச்சம் ஒரு தெளிந்த புள்ளி, பென்சிலை நாலு தடவை தொட்டதும் அடைந்துவிட்டது. அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை.

இதைச் சொன்னது மனசாட்சிக் கதை சொல்வதற்காக இல்லை. ஆவடன், ஹார்ஸ்ட் என்று பேசுகிறோம். விளம்பரத்தில் படத்துக்குக் காசு கொடுத்தது கம்பெனி, அந்த அம்மாவின் இடத்தில் கம்பெனி உட்கார்ந்திருந்தது. மாடல் "இது இருக்கட்டும்" என்று யாரிடம் சொல்லியிருப்பாள்? டச்சிங் மேஜை வேறு கட்டடத்தில் அல்லவா இருந்தது.

ஜூன் 16

நிறம் என்று வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. நீங்கள் போட்ட படங்களில் எத்தனை கறுப்பினப் பெண்கள், எத்தனை ஆசியப் பெண்கள்? பூஜ்யம். உங்கள் தப்பில்லை, அன்றைய பக்கங்களே அப்படி. ஷாங்காயில் பிறந்த மாடல் சைனா மச்சாடோவை ஆவடன் எடுத்தபோது பஜாரில் வெளியிடத் தயங்கினார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று ஆவடன் நின்றார். 1959 பிப்ரவரியில் வந்தது. கறுப்பின மாடல் நவோமி சிம்ஸ் ஒரு பெரிய பெண்கள் பத்திரிகையின் அட்டைக்கு வர 1968 ஆயிற்று. கறுப்பின வாசகர்களுக்கென்று 1945இல் தொடங்கிய எபனியின் விளம்பரப் பக்கங்களைத் தேடினால் அதே கையுறை, அதே தொப்பி, அதே நளினம், வேறு முகங்கள். உங்கள் சேகரிப்பில் அதற்கு ஒரு அலமாரி வையுங்கள். "பெண் பெண்ணாக இருந்த காலம்" என்பதில் எந்தப் பெண் என்று அங்கேதான் பிடிபடும்.

ஜூன் 19

நம் பக்கம் என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. லக்ஸ் சோப். அமெரிக்காவில் 1920களின் கடைசியிலேயே, பத்தில் ஒன்பது நட்சத்திரங்கள் இதைத்தான் போடுகிறார்கள் என்று ஹாலிவுட்டை வைத்து விற்றார்கள். இந்தியாவில் 1941இல் லீலா சிட்னிஸ். அதற்குப் பிறகு நடிகையாக நிலைத்தாயிற்று என்பதற்கு லக்ஸ் விளம்பரம் ஓர் அத்தாட்சி என்றே ஆகிவிட்டது. தமிழ்ப் பத்திரிகைகளிலும் நட்சத்திர சோப் விளம்பரம் வந்தது. பழைய பைண்டு தொகுப்பு யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் பாருங்கள், முகத்தில் டச்சப் எவ்வளவு தடிமன் என்று. கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் சேராது. சித்தப்பா அதைக் காட்டி "இது மாதிரி பண்ணாதே" என்பார். கழுத்துவரை பென்சில் போட வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம்.

முக்கியமான வித்தியாசம்: அங்கே ஃபேஷன் விளம்பர மாடலுக்குப் பெயர் கிடையாது, வாசகி தன்னை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இங்கே நடிகையின் பெயர்தான் சரக்கு. யாரும் தன்னை அந்த இடத்தில் வைக்கவில்லை, சோப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். என் அம்மா உட்பட. டொவிமா மாதிரி ஒன்றிரண்டு பேர் விதிவிலக்கு என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். டோரதி, விர்ஜீனியா, மார்கரெட் என்று தனக்கு இருந்த மூன்று பெயரின் முதல் இரண்டிரண்டு எழுத்தை ஒட்டிப் பெயராக்கிக்கொண்டவர் அவர். ஒரு காலத்தில் மற்ற மாடல்களைவிட அதிகக் கூலி, நிமிஷத்துக்கு ஒரு டாலர். கடைசிக் காலத்தில் ஃபுளோரிடாவில் ஒரு பிட்சா கடையில் வருபவர்களை வரவேற்று உட்காரவைக்கும் வேலை. 1990இல் இறந்தார். படம் ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது.

ஜூன் 20

"இதற்கெல்லாம் முடிவு எப்போது?" முடிவு என்று இல்லை, ஒரு திருப்பம் உண்டு. 1968இல் கிளினிக் என்ற அழகுசாதனக் கம்பெனி தொடங்கியபோது விளம்பரத்துக்கு இர்விங் பென்னைப் பிடித்தார்கள். உலகத்தின் அழகிய பெண்களையெல்லாம் எடுத்த மனிதர். அவர் எடுத்துக் கொடுத்தது சோப்பும் பாட்டிலும். இன்னொன்றில் கண்ணாடித் தம்ளருக்குள் பல் துலக்கும் பிரஷ். முகமே கிடையாது. காலையும் மாலையும் பல் தேய்ப்பது போல முகத்தையும் பார்த்துக்கொள் என்று அர்த்தம். டச்சப்காரருக்கு வேலை போச்சா என்றால் அதுவும் இல்லை, பாட்டிலில் ஒரு தூசி இருக்காது.

எனக்கு அந்த விளம்பரங்கள் பிடிக்கும். ஆனால் பாஸ்மனின் ஒரு கழுத்துக்கு முன்னால் வைத்தால் கழுத்தைத்தான் பார்ப்பேன். இவ்வளவு திட்டிவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்று கேட்காதீர்கள். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் கவர்ச்சி போய்விடும் என்பது பார்வையாளர் கட்சி. டச்சிங் தெரிந்தவளுக்குக் கவர்ச்சி கூடத்தான் செய்கிறது.

ஜூன் 26

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்து, "அப்போ நான் சேர்த்ததெல்லாம் வேஸ்டா?" என்று கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை சார், தாராளமாகச் சேருங்கள். வாங்கும்போது கவனிக்க வேண்டியது மட்டும் சொல்கிறேன்.

பத்திரிகையிலிருந்து வெட்டிய பக்கமும் போட்டோ பிரிண்டும் ஒன்றல்ல. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பக்கத்தில் அச்சுப் புள்ளிகள் தெரியும், போட்டோ பிரிண்டில் தெரியாது. டச்சப் ஆன வடிவம் வேண்டுமென்றால் பக்கத்தை வாங்குங்கள், விலையும் குறைவு.

பாஸ்மன் பிரிண்ட் என்று யாராவது விற்றால் எடுத்த வருஷத்தையும் பிரிண்ட் போட்ட வருஷத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். 1970 வாக்கில் அவரே சலித்துப்போய் நெகட்டிவ்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டார். மிச்சம் ஒரு பையில் கிடந்தது 90களில்தான் வெளியே வந்தது. அதன்பின் டார்க்ரூமில் உட்கார்ந்து பழைய படங்களைப் புதிதாக, இன்னும் கரைத்து, பிரிண்ட் போட்டார். சந்தையில் 1951 என்று வருவதில் பல அந்தப் பிற்காலப் பிரிண்ட்கள். பத்திரிகையில் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது, பொத்தானும் ரிப்பனும் போயே போய்விட்டிருக்கும். கார்மல் ஸ்னோ அப்போது உயிரோடு இல்லை, கண்டிக்க ஆள் கிடையாது. தொண்ணூறை நெருங்கிய வயதில் அந்த அம்மா ஃபோட்டோஷாப்பும் கற்றுக்கொண்டார், உங்கள் முதல் பதிவுக்கு அவரே பதில். 2012இல் 94 வயதில் இறந்தார்.

ஜூன் 26, மறுபடியும்

நீங்கள் கடைசியாகப் போட்ட சாம்பல் கோட்டுக்காரியின் படத்தைப் பெரிதாக ஸ்கேன் பண்ணிப் போடுங்கள். இடது முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரியும் பின்னணியும் வலப்பக்கப் பின்னணியும் ஒரே சாம்பல் இல்லை. ஏர்பிரஷ் என்று பந்தயம் கட்டுகிறேன்.